சொல்தொடர் கேம்: காய்ச்சண்டை ஒரு வழியா முடிஞ்சுது

நான் செய்யிற சொல்தொடர் கேமில 'காய்' எண்டு முடியிற சொல்லாப் போட்டு மற்றவனை மடக்கிற காய்க்காரரின்ர கொட்டம் அடங்கிட்டுது! முன்னால ஆள் போட்ட சொல்லின்ர கடைசி எழுத்தில அடுத்தவர் தொடங்கோணும், 15 செக்கன், ஒருக்கா வந்த சொல் திரும்ப வரக்கூடாது, இவ்வளவுதான் கேம். கிளிநொச்சிப் பெடியளிட்ட விளையாடக் குடுத்தா அவங்கள் சொல்லை விட்டிட்டு ஓட்டையைத்தான் தேடினவங்கள். கத்தரிக்காய், பயற்றங்காய், முருங்கைக்காய் எண்டு ஒருத்தன் அடுக்க, மற்றவன் யானை, யாத்திரை, யோசனை எண்டு ரெண்டு மூண்டோட முழிபிதுங்கி நிப்பான். அதைவிட மோசம் பால், தேள், மீன். ட ண ர ல ழ ள ற ன ஒண்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதல்ல வராது எண்டு நன்னூல் படிச்ச ஆக்களுக்குத் தெரியும், ஆனா கனக்கச் சொல் முடியிறது அதுகளிலதான். 'லொறி' எண்டு போட்டுப் பாத்தாங்கள், என்ர பட்டியல்ல இல்லை, அதுக்கொரு சண்டை.

இப்ப செய்திருக்கிறது: கடைசி எழுத்து முதல்ல வரக்கூடாத எழுத்தெண்டா ஒண்டு பின்னால போ, அதுவும் சரிவராட்டி இன்னும் ஒண்டு. கடல் எண்டா ல் இல்லை, ட இல்லை, க. கிணறு எண்டா கி. முதிரைக்கு தி. ய-வையும் தள்ளிட்டன், அதால தேங்காய்க்குக் கா, வேணுமான அளவு சொல் இருக்கு. சொல்லின்ர முதல் எழுத்து எப்பவும் தொடங்கக்கூடிய எழுத்துத்தானே, ஆகவே பின்னால போகப்போக கட்டாயம் ஒண்டு அம்பிடும். யாழ், யார், யானை மாதிரி யா-வை விட்டா வேற வழியில்லாத சொல்லுகள் மட்டும் விதிவிலக்கு, அங்க யா-தான். கிடக்கட்டும், ஒரு ஆயுதமாவது வேணுமே. கா-வுக்குக் கா எண்டு அதே உயிர்மெய்யோட தொடங்கினா ரெட்டைப் புள்ளி, க-வரிசை மட்டும் சரியெண்டா ஒற்றைப் புள்ளி.

எழுத்துப் பிரிக்கிறதுதான் உயிரை எடுத்தது. 'தமிழ்' எங்களுக்கு மூண்டு எழுத்து, கம்பியூட்டர் பாவிக்கிற யூனிகோட் குறியீட்டில அஞ்சு, கடைசியா நிக்கிறது வெறும் குத்து. அதை ஒட்டிவிடலாம். ஆனா 'கொ'-வை சில கீபோர்ட் ஒரே கொம்புக்காலா அனுப்புது, சிலது கொம்பு வேற கால் வேறயா அனுப்புது, பாக்க ஒண்டு, கம்பியூட்டருக்கு ரெண்டு சொல். என்எஃப்சி எண்டு, ஒரே எழுத்தை ஒரே மாதிரிக் குறியீடாக்கிற யூனிகோட் முறை இருக்கு, அதைப் போட்டா அது நேராகுது. என்எஃப்சியாலயும் ஏலாதது வௌவால்! பாதிப்பேர் கொம்பு போட்டு ள போட்டு 'வெளவால்' எண்டு அடிக்கினம். கொம்பும் ள-வும் வந்தா ஔகாரமாக்கு எண்டு கண்ணை மூடிக்கொண்டு எழுதவும் ஏலாது, கெளிறு எண்டு மீன் இருக்கு, தெளிவு இருக்கு, அதுகள் நாசமாப் போகும். அதால ள-வுக்குப் பின்னால விசிறியோ குத்தோ ஏதாவது குறி நிண்டா தொடுறேல்லை, வெறும் ள எண்டா மட்டும் மாத்திப் பட்டியல்ல தேடு. கௌதாரியும் இப்ப பறக்குது.

சென்னைப் பல்கலைக்கழக அகராதியை அப்பிடியே போடுவம் எண்டு ஒரு யோசனை இருந்தது, ஒரு லட்சத்துக்கு மேல சொல், ஆனா 1930-களோட முடிஞ்ச வேலை, 'ஞமலி' எண்டு நாயைப் போட்டு வெல்லுறவனை ஆர் தடுக்கிறது? இப்போதைக்கு என்ர சின்னப் பட்டியல்தான்.

சேர்வர் சிங்கப்பூரில, டொலர்ல காசு போகுது, மாசாமாசம் வயித்தெரிச்சல். ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு நெட் விட்டு விட்டு வரும், அதால லைன் அறுந்தா மணிக்கூட்டை நிப்பாட்டி வைக்கிற வேலை அரைகுறையாக் கிடக்கு, வேணுமெண்டே டேட்டாவை நிப்பாட்டி யோசிக்கிற கள்ளரும் இருக்கினம். அதை முடிக்க முதல் ஆட்டக்காரரின்ர தரத்தைப் புள்ளியாக் கணிக்க செஸ்காரர் பாவிக்கிற ஈலோ ரேட்டிங்கைத் தொடங்கிட்டன். முல்லைத்தீவுப் பக்கத்து ஆக்கள் ஆராவது மீன் பேருகள் எழுதித் தந்தா பட்டியல்ல சேப்பன், ள-வில முடியிறது எண்டாலும் பறவாயில்லை.