மூன்றாவது முறை வந்த தந்தை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தனியார் கல்லூரியின் மாணவர் சேவை முகப்பில் வேலை செய்கிறேன். நேற்று செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒருவர் மகளுடன் வந்தார். பிடிபிடிஎன் என்ற அரசு நிதியத்தின் கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்க எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. முன்பு வந்த இரண்டு முறையும், "எல்லாம் இணையத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு நாள் சம்பளம் போயிற்று.

மதியம் சாப்பிடும்போது எனக்குப் பொறுக்கவில்லை, "மாணவரை வாடிக்கையாளர் போலக் கவனிப்பதுதானே சேவை?" என்று உடன் வேலை செய்பவர்களிடம் கேட்டுவிட்டேன். "மாணவரை வாடிக்கையாளர் என்றால் நாளை மதிப்பெண்ணையும் கேட்பார்கள்" என்றார் மூத்த விரிவுரையாளர். அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் முகப்பு தேர்வு மண்டபம் அல்லவே! கட்டணப் பிரிவு அண்ணனுக்குச் சேவை என்றால் வரிசை சீக்கிரம் நகர்வது. வரவேற்பிலுள்ள தங்கைக்குச் சிரித்த முகம்.

1988இல் பரசுராமன், சைத்தமல், பெர்ரி என்ற மூன்று ஆய்வாளர்கள் சேவைத் தரத்தை அளக்க 22 கூற்றுகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார்கள். அதன் ஐந்து கூறுகளில் ஒன்று அக்கறை, அதாவது எதிரே நிற்பவரின் நிலையை அறிந்து கவனிப்பது. எங்கள் பயிற்சியில் அதற்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்கவில்லை. இது எனக்குப் பெரிய மனக்குறை.

அந்தப் பிள்ளையை என் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கைப்பேசியிலேயே கணக்கைத் திறக்க உதவினேன். இருபது நிமிடம்தான் ஆனது. "ரொம்ப நன்றிம்மா" என்று அந்த ஐயா எழுந்து நின்று கும்பிட்டார். எனக்குக் கூசிவிட்டது.