ஒரு பக்கத் தமிழை கியூஆரில் அடைத்த கதை

போன் தொலைந்தால் எந்தக் கணக்கை எப்படி மீட்பது என்று எனக்கே ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். நடுநடுவே நீளமான மீட்புக் குறியீடுகள். அவற்றைத் தாளில் பார்த்துத் தட்டினால் ஒரு எழுத்தாவது பிசகும். கியூஆராக அச்சிட்டுவிட்டால் ஸ்கேன் செய்து அப்படியே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றியது.

முதலில் ஓர் இணையதளத்தில் ஒரு வரியை ஒட்டிப் பார்த்தேன். அழகான சதுரம் வந்தது. சும்மா ஒரு சந்தேகத்தில் போனில் இணையத்தை அணைத்துவிட்டு ஸ்கேன் செய்தால், வந்தது ஒரு சுட்டி மட்டும். என் வரி அவர்களுடைய சர்வரில் போய் உட்கார்ந்திருந்தது! நல்லவேளை, அது வெறும் சோதனை வரி. அதன்பிறகு கணினியில் இணையமில்லாமலே ஓடும் க்யூஆர்என்கோட் என்ற கட்டளைவரி நிரலுக்கு மாறினேன்.

அடுத்த சிக்கல் தமிழ்தான். கியூஆரின் ஆகப்பெரிய அளவு 40ஆம் பதிப்பு, 177க்கு 177 கட்டங்கள். பிழைதிருத்தத்தை, அதாவது சதுரம் சிதைந்தாலும் மீட்க உதவும் உபரித் தகவலை, குறைந்தபட்சமாக வைத்தால் 2,953 பைட் கொள்ளும். தாராளமாகத் தெரிகிறதல்லவா? எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கே 15 பைட். இகரக் கொக்கிக்கு மூன்று, புள்ளிக்கு மூன்று என்று தனித்தனியாகக் கணக்கு. 1994இல் ஜப்பானில் டென்சோ நிறுவனத்தார் வாகன உதிரிபாகங்களைக் கண்காணிக்க உருவாக்கியது இது; அதனால் ஜப்பானியரின் காஞ்சி எழுத்துக்கு மட்டும் 13 பிட்டில், அதாவது இரண்டு பைட்டுக்கும் குறைவாக, அடங்கும் தனி முறை உண்டு. நமக்கு அந்தச் சலுகை கிடையாது.

என் குறிப்பு 2,870 பைட். ஒரே சதுரத்தில் திணித்து 6 செ.மீ. அகலத்தில் அச்சிட்டேன். ஒரு கட்டம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. போன் கேமரா விழித்ததோடு சரி. 15 செ.மீ. ஆக்கினேன். படித்தது, ஆனால் தாள் கொஞ்சம் வளைந்தாலே அடம்பிடித்தது.

சரி, துண்டாக்குவோம் என்று கோப்பை 400 பைட்டுக்கு ஒன்றாக வெட்டினேன். அங்கே நான் செய்தது மடத்தனம். மூன்று பைட் எழுத்தின் நடுவில் கத்தி விழுந்த துண்டுகளில் கடைசி எழுத்து மட்டுமல்ல, முழுத் துண்டுமே கொம்பும் கோடும் முளைத்த ரோமன் எழுத்துகளாக வந்தது. காரணம் புரிய ஒரு மாலை போயிற்று: ஓர் இடத்தில் யூடிஎஃப்-8 முறிந்தாலும், ஸ்கேனர் 'இது வேறு ஏதோ எழுத்துமுறை' என்று முடிவு கட்டிவிடுகிறது.

பிறகு வாக்கியம் முடியும் இடங்களில் கையாலேயே பிரித்தேன். எட்டுத் துண்டுகள். ஒவ்வொன்றின் தலையிலும் 1/8, 2/8 என்று எண். பிழைதிருத்தம் 'எம்' நிலை, அதாவது சுமார் 15 சதவீதம் சிதைந்தாலும் மீளும். எல்லாமே 77 கட்டங்களுக்குள் அடங்கின. 5 செ.மீ. அகலத்தில் அச்சிட்டதும் வைத்த மாத்திரத்தில் படித்தன. சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை விட மறக்காதீர்கள். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று அதை வெட்டி ஒருமுறை ஏமாந்தேன்.

ஒரு பிரதியைப் பேனாவால் கிறுக்கியும் பார்த்தேன். நடுவில் கிறுக்கினால் கவலையில்லை. மூலையிலிருக்கும் பெரிய சதுரத்தை அடித்தேனோ, போனுக்கு அங்கே கியூஆர் இருப்பதே தெரியவில்லை.

போன் வைத்திருக்கும் யாரும் படிக்கலாம் என்பதால் தாள் பூட்டிய இழுப்பறையில் இருக்கிறது. பின்பக்கத்தில் அதே குறிப்பைச் சாதாரண எழுத்திலும் அச்சிட்டிருக்கிறேன். போன் தொலைந்த அன்று எதை வைத்து ஸ்கேன் செய்வது என்ற கேள்வி, எட்டுச் சதுரமும் தயாரான பிறகுதான் எனக்கு உறைத்தது.