சிட்னியில் ஆர்.எஸ்.ஏ. அட்டை வாங்குவதற்குள்

படித்துக்கொண்டே பார்ட் டைமாக பாரில் வேலை. மது பரிமாற ஆர்.எஸ்.ஏ. (மதுவைப் பொறுப்போடு பரிமாறும் பயிற்சி) சான்றிதழ் கட்டாயம் என்பதால், ஓர் இணையதளத்தில் 25 டாலர் கட்டி ஒரே ராத்திரியில் முடித்தேன். மறுநாள் மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, இங்கே செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நாடு முழுக்கச் செல்லும் என்றுதான் அந்தத் தளத்தில் போட்டிருந்தது. ஆனால் சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் வேலை பார்க்க, இந்த மாநிலம் அனுமதித்த நிறுவனத்தில்தான் படிக்க வேண்டும். பணம் கட்டும் முன் மாநில அரசின் பட்டியலைப் பாருங்கள். என் 25 டாலர் போனது போனதுதான்.

அனுமதி பெற்ற நிறுவனத்தில் மறுபடி படித்தேன். இந்த இரண்டாவது வகுப்பு நிஜமாகவே பயன்பட்டது. குடித்ததைக் கணக்கிடும் அளவான ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் என்பது 10 கிராம் ஆல்கஹால். 30 மில்லி விஸ்கி ஒன்று. ஸ்கூனர் என்னும் 425 மில்லி கிளாஸ் பீர் ஒன்றரைக்கும் மேல். பீர்தானே என்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். உடம்பு ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்கைக் கரைக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும்; காபியும் குளியலும் உதவாது. கடைசிக் கிளாஸுக்கு அப்புறமும் ரத்தத்தில் ஆல்கஹால் அளவு ஏறும். அதனால் பாரில் ஊதிப் பார்த்து 0.04 வந்தது என்று வண்டியை எடுக்காதீர்கள், வழியில் வண்டி ஓட்டுவதற்கான 0.05 எல்லையைத் தாண்டிவிடலாம். எல் (பழகுநர்), பி (தற்காலிக) ஓட்டுநர் உரிமம் என்றால் எல்லையே பூஜ்யம். ஒருவருக்குப் போதை ஏறிவிட்டதா என்று பரிமாறுகிறவர் மெஷினை வைத்துப் பார்ப்பதில்லை. பேச்சு, நடை, கை தடுமாற்றம், நடத்தை, இவற்றை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் பெயர். பாஸ்போர்ட்டில் எனக்குக் குடும்பப் பெயர் இடம் காலி. வகுப்புப் படிவம் விடாமல் கேட்டதால் அப்பா பெயரைப் போட்டேன். வகுப்பு முடிந்து கிடைத்த தற்காலிகச் சான்றிதழைக் காட்டி அட்டை வாங்கப் போன அரசுக் கவுன்டரில், பாஸ்போர்ட்டோடு பெயர் ஒத்துவரவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அந்தச் சான்றிதழுக்கு 90 நாள்தான் ஆயுள். திருத்தி வாங்குவதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. நம் ஊர்ப் பிள்ளைகள், பதிவு செய்யும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எப்படி எழுதுவது என்று போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது முறை கவுன்டரில் பத்தே நிமிடம்.

அந்த வாரமே, நாக்குக் குழறிய ஒருவர் இன்னொரு ஸ்கூனர் கேட்டார். கை நடுங்கினாலும் முடியாது என்று சொல்லி, தண்ணீர் வைத்துவிட்டு மேலாளரைக் கூப்பிட்டேன். குடித்தவருக்கு டாக்ஸி வந்து, அவர் ஏறிப் போனதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.