ஒரு விசாவின் இந்தப் பக்கம்

2025 பிப்ரவரி 3, திங்கள்

பம்ப் சோதனைக் கூடத்துக்கு ஏழு மாதமாக ஆள் தேடுகிறோம். இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் கோவென்ட்ரியைச் சுற்றி இந்த வேலை தெரிந்தவர்கள் பலரும் ஓய்வு பெறும் வயதில் இருக்கிறார்கள். போன வாரம் வீடியோவில் பேசிய கோயம்புத்தூர்க்காரர் எங்கள் ஃபோர்மேனை அசத்திவிட்டார். ஒரு பம்ப் ஓடும் சத்தத்தைப் போட்டுக் காட்டியதும், உறிஞ்சும் பக்கத்தில்தான் கோளாறு என்று சரியாகச் சொன்னார். "இவரையே எடுத்துக்கொள்வோம்" என்று முதலாளி இன்று சொல்லிவிட்டார்.

வெளிநாட்டிலிருந்து ஒருவரை வேலைக்கு அழைக்க எங்களிடம் ஸ்பான்சர் லைசன்ஸ் கிடையாது. அதை வாங்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார். எனக்கு அந்தப் பக்கம் நன்றாகத் தெரியும், நானும் ஒரு காலத்தில் ஸ்பான்சர் செய்யப்பட்டவள்தானே. இந்தப் பக்கம் நிற்பது இதுவே முதல் முறை. அதனால்தான் எழுதி வைக்கிறேன். இங்கே போட்டால் யாருக்காவது உதவும்.

பிப்ரவரி 19

இரண்டு வாரமாக விதிமுறைகளைத்தான் படிக்கிறேன். லைசன்ஸ் கேட்பவர் உண்மையில் தொழில் நடத்துகிறாரா, உண்மையில் அந்த வேலை இருக்கிறதா, வருகிறவரைக் கண்காணிக்கும் ஒழுங்கு அங்கே இருக்கிறதா: குடியேற்றத்தைக் கவனிக்கும் உள்துறையான ஹோம் ஆபீஸ் முக்கியமாகப் பார்ப்பது இந்த மூன்றையும்தான். சம்பளப் பட்டியலுக்கான வரித்துறைப் பதிவு, வாட் பதிவு, கட்டடக் குத்தகை, குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கான தொழிலாளர் விபத்துக் காப்பீடு எல்லாவற்றையும் தேடி எடுத்தேன். காப்பீட்டுச் சான்று போன வருடத்தது. புதியதை வரவழைக்க நான்கு நாள்.

ஆட்களையும் நியமிக்க வேண்டும். லைசன்ஸுக்கு முழுப் பொறுப்பேற்கும் ஆதரைசிங் ஆபீசர் முதலாளி. தினசரி கணினி வேலைகளைப் பார்க்கும் லெவல் 1 யூசர் நான். அதற்கு இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர் ஒருவராவது வேண்டும். 2011-இல் மாணவியாக வந்த எனக்கு இன்று அந்தத் தகுதி இருக்கிறது என்பதை அந்தப் படிவத்தில் நிரப்பும்போது கொஞ்ச நேரம் கை அப்படியே நின்றுவிட்டது.

மார்ச் 6

விண்ணப்பம் போயிற்று. சிறிய நிறுவனம் என்பதால் 536 பவுண்டு. ஆன்லைனில் அனுப்பியதிலிருந்து ஐந்து வேலை நாளுக்குள், கையெழுத்திட்ட தாளுடன் ஆவணங்களும் போய்ச் சேர வேண்டும். அவசரத்தில் அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆதரைசிங் ஆபீசர்தான் போட வேண்டும். முதலாளி ஜெர்மனியில் ஒரு கண்காட்சியில் இருந்தார். விமான நிலையத்தில் உட்கார்ந்து கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து அனுப்பினார். நல்லவேளை, கெடுவுக்குள் அனுப்பிவிட்டோம்.

மார்ச் 21

இன்று அந்தக் கோயம்புத்தூர்த் தம்பி கூப்பிட்டார். இதுவரை மேடம் என்றவர் இன்றைக்கு "அக்கா" என்றார். எதையோ கேட்கத் தயங்கினார். நானே கேளுங்கள் என்றேன்.

"இல்லீங்க்கா... சர்டிபிகேட்டுக்கு நான் எவ்வளவு தரணும்னு சொன்னீங்கன்னா, வீட்டுல ஏற்பாடு பண்ணிருவேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய ஊரில் ஒரு ஏஜெண்டு, ஸ்பான்சர் சான்றிதழுக்கே இத்தனை லட்சம் என்று விலை சொல்லியிருக்கிறார். எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று இவரும் நம்பிவிட்டார். மாமனார் வீட்டு நிலத்தை அடகு வைக்கப் பேச்சு நடந்திருக்கிறது.

ஒரு பைசா கூடத் தர வேண்டாம் என்று சொன்னேன். சட்டத்தையும் சொன்னேன். வெளிநாட்டவரை எடுக்கும் நிறுவனம் அரசுக்குக் கட்ட வேண்டிய இமிகிரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜைத் தொழிலாளியிடம் வாங்க என்றைக்குமே அனுமதி கிடையாது. 2024 டிசம்பர் 31 முதல் லைசன்ஸ் கட்டணத்தையும் சான்றிதழ் கட்டணத்தையும்கூட திறன் தொழிலாளர் விசாவில் வருகிறவர் தலையில் கட்டக் கூடாது. கட்டினால் லைசன்ஸே போகும். விசா கேட்கத் தேவையான அந்தச் சான்றிதழ் என்பது உண்மையில் தாள்கூட இல்லை, ஹோம் ஆபீஸ் கணினியில் உருவாகும் ஓர் எண். அதை விற்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை. லைசன்ஸ் உள்ள நிறுவனங்களின் பட்டியலை அரசு தன் இணையதளத்திலேயே போட்டு வைத்திருக்கிறது, எவர் வேலை தருவதாகச் சொன்னாலும் முதலில் அதில் பெயரைத் தேடுங்கள், பெயர் வந்த பிறகு எங்களையும் தேடிப் பாருங்கள் என்றேன்.

போனை வைத்த பிறகும் மனது ஆறவில்லை. 2014-இல் என்னை ஸ்பான்சர் செய்த இடத்தில் சான்றிதழுக்கான பணத்தை மாதாமாதம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். விடுப்புக் கேட்டால், "உன் விசா என் கையில் இருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்" என்பார் மேலாளர். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது ஊருக்குப் போக நான் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஏப்ரல் 9

இன்று முதல் கட்டணங்கள் ஏறின. லைசன்ஸ் 536-லிருந்து 574. அதில் தப்பித்தோம். ஒவ்வொரு சான்றிதழுக்கும் 239 பவுண்டாக இருந்தது ஒரே நாளில் 525. அதில் தப்பிக்க முடியவில்லை.

ஏப்ரல் 24

லைசன்ஸ் கிடைத்துவிட்டது! ஏ ரேட்டிங், அதாவது முழுத் தகுதி. தம்பிக்கு இணைப்பை அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் எங்கள் பெயர் தெரியும் ஸ்கிரீன்ஷாட் திரும்பி வந்தது. கூடவே, "பார்த்துட்டேனுங்க்கா."

மே 12

அரசு இன்று குடியேற்ற வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. திறன் தொழிலாளர் விசாவுக்கு மறுபடியும் பட்டப்படிப்பு அளவிலான வேலைகள் மட்டும் என்கிறார்கள். அரசின் தொழில் பட்டியலில் எங்கள் வேலையின் குறியீட்டு எண் 3113, பொறியியல் தொழில்நுட்பவியலாளர். அது பட்டத்துக்குக் கீழான வகை.

அலுவலகத்தில் ஒருவர், "மெக்கானிக்கல் இன்ஜினியர் என்று குறியீட்டை மாற்றிவிட்டால் என்ன?" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒருவர் நாள் முழுக்கச் செய்கிற வேலைக்கு எந்தக் குறியீடு பொருந்துகிறதோ அதைத்தான் போட வேண்டும். நாளைக்கு அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, சோதனைக் கூடத்தில் நிற்பவரிடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், பொய் சொல்லும் நிலையில் நிற்கப்போவது அவர். லைசன்ஸ் போனால் விசா போவதும் அவருக்குத்தான்.

ஆகவே சீக்கிரம் முடிக்க வேண்டும்.

மே 28

வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கான சான்றிதழைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். கேட்டோம், விளக்கம் கேட்டார்கள், கொடுத்தோம், கிடைத்தது. இன்று காலை அவர் பெயரில் அதை ஒதுக்கினேன். வேலை தொடங்கும் நாள் செப்டம்பர் 1. அவர் முதல் மாதத்தைச் சமாளிக்கப் பணம் வைத்திருக்கிறார் என்பதற்கு வங்கிக் கணக்கைக் காட்டாமல், அந்தப் பொறுப்பை நிறுவனமே ஏற்கலாம். அந்தக் கட்டத்தை டிக் செய்தேன், மனைவிக்கும் மகளுக்கும் சேர்த்து.

மதியம் முதலாளியிடம் கணக்கோடு போய் உட்கார்ந்தேன். மூன்று வருடத்துக்கு ஸ்கில்ஸ் சார்ஜ் 1,092 பவுண்டு. அது எப்படியும் நம்முடையது. விசாவுக்கும், அரசு மருத்துவச் சேவைக்காக முன்கூட்டியே வாங்கும் மருத்துவக் கட்டணத்துக்கும் அவரே கட்டலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் தொகையைப் பாருங்கள்: ஒவ்வொருவருக்கும் விசா 769, பெரியவர் ஒருவருக்கு மருத்துவக் கட்டணம் வருடத்துக்கு 1,035 வீதம் 3,105. குழந்தைக்கு மருத்துவக் கட்டணம் வருடத்துக்கு 776. மூன்று பேருக்கும் சேர்த்து 10,845 பவுண்டு, அதுவும் ஒரே தவணையில், முதல் சம்பளம் வாங்குவதற்கு முன்னால். நாம் கட்டாவிட்டால் அந்த நிலம் அடகுக்குப் போகும்.

முதலாளி வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், அவருடையதை நிறுவனம் கட்டும், குடும்பத்துக்கானதை வட்டியில்லாமல் முன்பணமாகத் தரலாம் என்றார். முழுவதையும் கட்டியிருக்கலாம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் இத்தனை மாதம் அந்த நாற்காலி காலியாக இருந்ததால் கைவிட்டுப் போன ஆர்டர்களும் எனக்குத் தெரியும்.

ஜூன் 16

காசநோய்ப் பரிசோதனை முடிந்தது. ஆங்கிலத் தகுதிக்குத் தேர்வும் எழுதிவிட்டார். சென்னையில் கைரேகை கொடுத்துவிட்டு, மகளுக்கு மெரினா காட்டிவிட்டு ரயில் ஏறினார்களாம்.

ஜூலை 1

புதிய விதிகள் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டன. ஜூலை 22 முதல் பொதுச் சம்பள வரம்பு 38,700-லிருந்து 41,700. பட்டத்துக்குக் கீழான வேலைகளுக்குப் பெரும்பாலும் கதவு அடைப்பு. அவற்றில் சிலவற்றுக்கு மட்டும் விதிவிலக்குப் பட்டியல் உண்டு; அந்த வேலைகளுக்குப் புதிதாக வருகிறவர்களும் மனைவி பிள்ளைகளை அழைத்துவர முடியாது.

22-க்கு முன் சான்றிதழ் ஒதுக்கப்பட்டவர்களுக்குப் பழைய விதிதான். அந்த வரியை நான்கு முறை படித்தேன். எட்டு வாரம் தாமதித்திருந்தால் அந்தக் குழந்தை அப்பாவை வீடியோவில்தான் பார்த்து வளர்ந்திருக்கும். இப்படித் தாமதித்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

ஜூலை 4

மூன்று பேருக்கும் விசா வந்துவிட்டது. அதுவரை ராஜினாமா கொடுக்க வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். இன்று கொடுத்துவிட்டார். ஒரு மாத நோட்டீஸ்.

செப்டம்பர் 1, திங்கள்

எட்டு மணிக்கே வந்துவிட்டார். இயந்திரத்தைத் தொடும் முன், ஷேர் கோடு எனப்படும் அவருடைய சரிபார்ப்பு எண்ணை வாங்கி, அரசுத் தளத்தில் அவருடைய வேலை உரிமையைச் சரிபார்த்து, நகலைக் கோப்பில் வைத்தேன். வீட்டு முகவரி, போன் எண் குறித்துக்கொண்டேன். இவை மாறினாலும், தகவல் சொல்லாமல் பத்து வேலை நாள் வராவிட்டாலும், சம்பளமோ வேலையோ மாறினாலும் நான் பதிவு செய்ய வேண்டும். அதையெல்லாம் தமிழில் எழுதி அவரிடமும் ஒரு தாள் கொடுத்தேன். என் கோப்பில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரிய வேண்டும்.

படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார். "வேலை போச்சுன்னா என்னங்க்கா ஆகும்?"

வழக்கமாக 60 நாள் தருவார்கள் என்றேன். அதற்குள் லைசன்ஸ் உள்ள வேறு நிறுவனம் கிடைத்து, புதிதாக விண்ணப்பித்தால் இங்கேயே இருக்கலாம். தாளின் பின்பக்கத்தில் அதுவும் இருக்கிறது, அந்தப் பட்டியலின் முகவரியும் இருக்கிறது. நாங்களே பிடிக்காமல் போனாலும் அதே வழிதான், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று சேர்த்துச் சொன்னேன்.

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஃபோர்மேன் வாசலில் வந்து நின்றார். இரண்டு பேரும் சோதனைக் கூடத்துக்குப் போனார்கள். பத்து நிமிடத்தில் பம்ப் ஓடும் சத்தம் கேட்டது.