இரண்டு ஏஸைக் கவிழ்த்த கதை

ரம்மியில் ஸ்கூட் விடுவதற்கு எங்கள் வீட்டில் யாரும் வெட்கப்பட்டதில்லை. பதின்மூன்று சீட்டையும் விரித்துப் பார்த்து, ஜோக்கரும் இல்லை, ஒரிஜினல் சேர்வதற்கான அறிகுறியும் இல்லை என்று தெரிந்தவுடன், 20 புள்ளியை ஏற்றுக்கொண்டு சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காபி குடிக்க எழுந்து போய்விடுவார் என் சித்தப்பா. நூற்றொன்று ஆட்டத்தில் அதுதான் விவேகம். வீம்புக்கு உட்கார்ந்தால் 80 வரை ஏறிவிடும். ஆனால் ஒரிஜினலும் இரண்டு ஜோக்கரும் கைக்கு வந்த பிறகு அதே சித்தப்பா ஸ்கூட் விட்டு நான் பார்த்ததில்லை, அப்படி விட வேண்டிய தேவையும் அந்த ஆட்டத்தில் வருவதில்லை. போக்கரில் அந்தத் தேவை வருகிறது. எப்போது வருகிறது என்பதை நான் இரண்டு இரவுகளில் கற்றுக்கொண்டேன்; ஓர் இரவில் தவறாகவும் மற்றோர் இரவில் சரியாகவும் கவிழ்த்தேன்.

டெக்ஸாஸ் ஹோல்டம் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் மூடித் தரப்படுவது இரண்டே சீட்டுகள். 52 சீட்டுகளிலிருந்து இரண்டை எடுக்க 1,326 வழிகள் உள்ளன. அவற்றில் இரண்டுமே ஏஸாக அமைவது 6 வழிகளில் மட்டும் என்பதால், சராசரியாக 221 ஆட்டங்களுக்கு ஒருமுறைதான் அந்த ஜோடி கைக்கு வரும். இரண்டு கிங்குக்கும் அதே கணக்குதான். கேசினோ மேசைகளில் மணிக்கு முப்பது ஆட்டம் நடப்பதே அதிகம். ஆகவே, மாலை முழுவதும் ஒன்றுக்கும் உதவாத சீட்டுகளைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தவர், சீட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் லேசாகத் தூக்கி இரண்டு ஏஸைப் பார்க்கும்போது, நடுவில் சேரப்போகும் பணம் ஏற்கெனவே தம்முடையதாகிவிட்டது என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார். நானும் அப்படி எண்ணியவன்தான்.

கேஷ் ஆட்டத்தில், அதாவது ஒவ்வொரு சிப்பும் அதன் முகமதிப்புக்கே செல்லுபடியாகும் மேசையில், எல்லோருக்கும் பொதுவாக மேசை நடுவில் வைக்கப்படும் ஐந்து பொதுச் சீட்டுகள் திறக்கப்படுவதற்கு முன்பே ஏஸ் ஜோடியைக் கவிழ்ப்பதற்குக் காரணமே கிடையாது. எதிரில் ஒருவர் மட்டும் ஏதோ இரண்டு சீட்டோடு இருந்தால் ஏஸ் ஜோடி நூற்றுக்கு 85 முறை வெல்லும். எட்டுப் பேரும் கண்ணை மூடிக்கொண்டு மொத்தப் பணத்தையும் போட்டாலும் ஏறத்தாழ 35 முறை வெல்லும். அப்படியானால் 65 முறை தோற்கிறோமே என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. ஒன்பது பேர் சமமாகப் போட்ட பணத்தை மூன்றில் ஒரு முறைக்கும் மேலாக ஒருவரே அள்ளிக்கொண்டு போவது எவ்வளவு பெரிய ஆதாயம் என்பதை அவர்கள் வகுத்துப் பார்ப்பதில்லை.

குழப்பம் தொடங்குவது இரண்டு கிங் வரும்போதுதான், ஏனென்றால் அதை முந்துவதற்கு ஒரே ஒரு ஜோடி இருக்கிறது. ஒன்பது பேர் அமர்ந்த மேசையில் நம்மிடம் கிங் ஜோடி இருக்கும்போது மற்ற எட்டுப் பேரில் யாராவது ஒருவரிடம் ஏஸ் ஜோடி இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 4 விழுக்காடு. மிகச் சிறிய எண்தான். ஆனால் ஒருவர் பந்தயத்தை உயர்த்தி, நாம் அதற்கு மேல் உயர்த்தி, அவர் கையிலுள்ள அனைத்தையும் நடுவில் தள்ளிவிட்ட பிறகு, அந்த 4 விழுக்காடு பழைய கணக்காகிவிடுகிறது. இப்போது கேட்க வேண்டியது, இந்த மனிதர் இப்படித் தள்ளுவதென்றால் எந்தெந்தச் சீட்டுகளோடு தள்ளுவார் என்பதே.

முதல் இரவு லாஸ் வேகாஸில், 1-2 டாலர் மேசை ஒன்றில், அதாவது ஒவ்வொரு ஆட்டத்திலும் இருவர் சீட்டைப் பார்க்கும் முன்பே 1 டாலரும் 2 டாலரும் கட்டாயமாகக் கட்ட வேண்டிய மேசையில். எனக்கு இடப்பக்கம் மூன்றாவது இருக்கையில் எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர், சிப்புகளை இருபது இருபதாக அடுக்கி, அடுக்குகளின் விளிம்பு ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று அவ்வப்போது விரலால் தடவிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான்கு மணி நேரத்தில் அவர் பந்தயத்தை உயர்த்தி நான் பார்த்தது ஒரே ஒருமுறை. எங்கள் இருவரிடமும் ஆளுக்கு 300 டாலர் இருந்தது. கிங் ஜோடியோடு நான் 10 டாலர் போட்டேன். அவர் 35 ஆக்கினார். நான் 90 ஆக்கினேன். அவர் சற்றும் யோசிக்காமல் அத்தனை அடுக்குகளையும் இரண்டு கைகளாலும் அணைத்து நடுவே நகர்த்தினார், ஓர் அடுக்குகூடச் சரியவில்லை.

ஒரு நிமிடத்துக்கு மேல் யோசித்தேன், பிறகு கவிழ்த்துவிட்டேன். அவரும் தம் சீட்டுகளை மூடியபடியே டீலரிடம் தள்ளிவிட்டார். அவரிடம் என்ன இருந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எதிர் இருக்கையில் இருந்த இளைஞரிடம் நான் எதைக் கவிழ்த்தேன் என்று சொன்னபோது அவர் மரியாதையோடு தலையசைத்தார். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் சில மாதங்கள் பெருமையோடு திரிந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிறகு ஒருநாள் காகிதத்தை எடுத்து உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்த்தேன். நான் மேலும் போட வேண்டியிருந்தது 210 டாலர். அதைப் போட்டிருந்தால் நடுவில் சேர்ந்திருக்கும் மொத்தம் 600 டாலரைச் சற்றே தாண்டும். ஆகவே நூற்றுக்கு 35 முறை நான் வென்றாலே போட்ட பணத்துக்கு மோசமில்லை. அவரிடம் ஏஸ் ஜோடியோ, மிச்சமிருக்கும் மற்ற இரண்டு கிங்கோ மட்டுமே இருக்கக்கூடும் என்று கொண்டால், ஏஸ் ஜோடி அமைய 6 வழிகள், கிங் ஜோடி அமைய ஒரே வழி. ஏஸ் ஜோடிக்கு எதிராகக் கிங் ஜோடி நூற்றுக்கு 18 முறைதான் வெல்லும் என்பதால், என் பங்கு 23 விழுக்காட்டைத் தொடாது. அந்த அனுமானப்படி கவிழ்த்தது சரி. ஆனால் அவர் குயின் ஜோடியோடும் அப்படித் தள்ளக்கூடியவர் என்றால் என் பங்கு ஒரேயடியாக 50 விழுக்காடாகிவிடுகிறது. குயின் ஜோடி அமையக்கூடிய 6 வழிகளில் இரண்டில் மட்டும் தள்ளி, மற்ற நான்கில் தயங்கி நின்றுவிடுவார் என்று வைத்துக்கொண்டாலும் என் பங்கு 35-ஐத் தாண்டிவிடுகிறது. ஏஸும் கிங்கும் ஒவ்வொன்று வைத்திருப்பவர்களும் இப்படித் தள்ளுவது வழக்கம் என்பதை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அதாவது, அந்தப் பெரியவர் ஏஸ் அல்லது கிங் ஜோடியைத் தவிர வேறு எதனோடும் தள்ளவே மாட்டார் என்று எனக்கு ஏறத்தாழ நிச்சயமாகத் தெரிந்திருந்தால்தான் அந்த முடிவு சரி. எனக்கு எப்படித் தெரிந்தது? நான்கு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதே என் ஒரே சான்று. நான்கு மணி நேரம் என்பது சுமார் 120 ஆட்டங்கள். குயின், கிங், ஏஸ் ஆகிய மூன்று ஜோடிகளில் ஏதாவது ஒன்று ஒருவருக்கு 120 ஆட்டங்களில் சராசரியாக இரண்டு முறைகூட வருவதில்லை. அவர் அடக்கமாக ஆடுகிறவராக இருந்திருக்கலாம்; என்னைப் போலவே அன்று சீட்டு வராமல் உட்கார்ந்திருந்தவராகவும் இருந்திருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய என்னிடம் எந்த வழியும் இருக்கவில்லை. வயதையும் நிதானத்தையும் சிப் அடுக்கும் நேர்த்தியையும் பார்த்து நானாக ஒரு மனிதரைக் கற்பனை செய்துகொண்டு, அந்தக் கற்பனைக்குப் பயந்து கிங் ஜோடியைக் கவிழ்த்திருக்கிறேன்.

கிங் ஜோடியை ஏஸ் ஜோடியிடம் பறிகொடுத்த கதைகள் இந்தப் பயத்தை வளர்க்கின்றன. 2016-இல் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில், ஓயாத பேச்சால் மேசையிலிருந்த அனைவரின் பொறுமையையும் சோதித்த வில்லியம் கசூஃப், கிங் ஜோடியோடு கிரிஃபின் பெஞ்சரின் ஏஸ் ஜோடியில் மோதி 17-ஆம் இடத்தில் வெளியேறினார். பலர் அவருடைய பேச்சுக்குக் கிடைத்த தண்டனையாகவே அதைக் கொண்டாடினார்கள். ஆனால் அவர் அந்தக் கையைக் கவிழ்த்திருக்க வேண்டும் என்று சொல்வதற்கு ஆட்டக் கணக்கில் இடமில்லை. அதைவிடக் கொடுமையானது 2014-இல், 10 லட்சம் டாலர் நுழைவுக் கட்டணம் கொண்ட போட்டியில் நடந்தது. கானர் டிரினன், கேரி கட்ஸ் இருவரிடமும் ஏஸ் ஜோடி. பெரும்பாலும் பணத்தைச் சமமாகப் பிரித்துக்கொண்டு போயிருக்க வேண்டியவர்கள். பொதுச் சீட்டுகளில் நான்கு ஹார்ட்டின் வந்து, ஹார்ட்டின் ஏஸ் வைத்திருந்த கட்ஸ் ஃப்ளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, அடித்துவிட்டார். நூற்றுக்கு இரண்டு முறை நடப்பது அது. டிரினனிடம் எந்தத் தவறும் இல்லை. தோற்றதை வைத்துக்கொண்டு கவிழ்த்திருக்கலாமோ என்று பின்னால் யோசிப்பது, மழையில் நனைந்தவன் தன் வீட்டைக் குறை சொல்வதைப் போன்றது.

ஏஸ் ஜோடியையே கவிழ்க்க வேண்டிய இடம் வேறு. அதற்குச் சாட்டிலைட் என்று பெயர். உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்கு 10,000 டாலர் கட்ட வேண்டும். அவ்வளவு கட்ட இயலாதவர்கள் சிறு தொகை கட்டி ஆடும் தகுதிப் போட்டிகளே சாட்டிலைட்டுகள். டென்னசியைச் சேர்ந்த கணக்காளரான கிறிஸ் மணிமேக்கர், நூறு டாலருக்கும் குறைவான இணையச் சாட்டிலைட் ஒன்றின் வழியே நுழைந்து, 839 பேர் ஆடிய 2003-ஆம் ஆண்டுப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்ற பிறகு இவற்றின் புகழ் எங்கோ போய்விட்டது. இவற்றின் தனித்தன்மை பரிசு முறையில் இருக்கிறது: பத்து இடங்கள் என்றால், மலைபோலச் சிப் குவித்தவருக்கும் ஒரு இடம்தான், ஒற்றைச் சிப்போடு ஒட்டிக்கொண்டிருந்து பத்தாவதாகத் தப்பியவருக்கும் அதே இடம்தான்.

சாதாரணப் போட்டிகளிலும் இழக்கும் சிப்பின் மதிப்பு வெல்லும் சிப்பின் மதிப்பைவிட அதிகம். குதிரைப் பந்தயத்துக்காக டேவிட் ஹார்வில் 1973-இல் வகுத்த சூத்திரத்தை ஒத்த முறையில், மேசன் மால்முத் 1987-இல் இதைப் போக்கருக்குக் கணக்காக்கித் தந்தார். இன்று அது ஐசிஎம் (Independent Chip Model) என்ற பெயரில் வழங்குகிறது. ஆனால் அங்கெல்லாம் இந்தக் கணக்கு ஜேக் ஜோடியையும் ஏஸ்-குயினையும்தான் கவிழ்க்கச் சொல்லும். ஏஸ் ஜோடியைத் தொடுவது அரிதினும் அரிது. சாட்டிலைட்டில் அது தயங்காமல் தொடுகிறது.

இரண்டாவது இரவு அப்படிப்பட்டது, முதன்மைப் போட்டியைவிட மிகச் சிறிய ஒன்றுக்கான சாட்டிலைட். பத்து இடங்கள், எஞ்சியிருந்தவர்கள் பதினொருவர், இரண்டு மேசைகள். சீட்டைப் பார்க்கும் முன்பே முறைவைத்து இருவர் கட்ட வேண்டிய கட்டாயப் பந்தயங்களுக்குச் சிறிய பிளைண்ட், பெரிய பிளைண்ட் என்று பெயர். பக்கத்து மேசையில் ஒருவரிடம் ஒரு பெரிய பிளைண்டுக்குக்கூடப் போதாத சிப். என் மேசையிலேயே இன்னொருவரிடம் மூன்று பிளைண்டுக்கு இருந்தது. என்னிடம் பன்னிரண்டு. நான் பெரிய பிளைண்ட் கட்டியிருந்தேன். எல்லோரும் கவிழ்த்த பின், எனக்கு வலப்பக்கம் சிறிய பிளைண்டில் இருந்தவர், அந்த மேசையிலேயே அதிகச் சிப் வைத்திருந்தவர், தம் சீட்டைப் பார்த்ததாகவே தெரியாமல் "ஆல் இன்" என்றார். நான் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஸ்பேடு ஏஸ், அதன் பின்னால் டைமன் ஏஸ்.

அவர் எதனோடு தள்ளுகிறார் என்ற கேள்வியே இங்கே எழவில்லை. இந்த நிலையில் ஈடாகப் போட்டு வெளியேறும் ஆபத்தை நான் ஏற்கத் துணியமாட்டேன் என்பதால் எதனோடும் தள்ளுவார், தள்ளவும் வேண்டும். ஈடாக நானும் போட்டால் 85 விழுக்காடு எனக்கு இடம் உறுதி. 15 விழுக்காடு பதினோராவது ஆளாக வெறுங்கையோடு வெளியே. கவிழ்த்தால் என்னிடம் பதினொரு பிளைண்ட் மிஞ்சும். அந்த இருவரும் தப்பிப் பிழைத்து, அதற்குள் என் சிப் கரைந்தால் மட்டுமே எனக்கு ஆபத்து. எவ்வளவு அவநம்பிக்கையோடு மதிப்பிட்டாலும் 95 விழுக்காட்டுக்குக் கீழே என்னால் இறங்க முடியவில்லை. வென்றால் சிப் இரண்டு மடங்காகும், ஆனால் அந்த இரண்டாவது மடங்குக்கு வாங்கக்கூடிய பொருள் அந்த அரங்கில் எதுவுமே இல்லை. இவ்வளவும் தெரிந்திருந்தும் என் விரல்கள் சீட்டை விட மறுத்தன என்பது உண்மை. கவிழ்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே கிளாவர் எட்டையும் டைமன் ஐந்தையும் திறந்து காட்டினார்.

அதற்கு அடுத்த ஆட்டத்திலேயே பக்கத்து மேசையில் கைதட்டல் கேட்டது. ஒரு பிளைண்டுக்கும் போதாதவர் வெளியேறியிருந்தார், நாங்கள் பத்துப் பேரும் எழுந்து கைகுலுக்கிக்கொண்டோம். எட்டு-ஐந்து காட்டியவர் என்னிடம் வந்து எதைக் கவிழ்த்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் நம்பவில்லை.

அந்த இடத்தைக் கொண்டு மறுநாள் ஆடிய போட்டியில் முதல் இடைவேளைக்கு முன்பே வெளியேறினேன். என்னிடம் மறுபடியும் ஏஸ் ஜோடி, எதிரில் குயின் ஜோடி, கடைசிச் சீட்டாக மூன்றாவது குயின். அந்த முறை கவிழ்ப்பதற்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை.