வாடகை வீட்டுப் போறணையும் தட்டை ரொட்டிப் பீட்சாவும்

புலம்பெயர்ந்து வந்து ஒரு வாடகை வீட்டில் குடியேறுபவருக்கு அந்த வீட்டின் சமையலறைதான் கடைசியாகப் பிடிபடுகிறது. சுடரே தெரியாத கண்ணாடி அடுப்பு, அதன் கீழே கதவு வைத்த மின்போறணை, சற்றுப் புகைந்தாலும் அலறிவிடும் எச்சரிக்கை மணி ஆகிய எல்லாவற்றோடும் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது. நான் குடியேறிய வீட்டில் சமையலறை மூவருக்குப் பொதுவானது. பாத்திரங்கள் என்று சொல்லக் கனத்த இரும்புத் தாச்சியொன்றும், போறணையோடு வந்த தட்டும், ஒரு கத்தியும்தான் இருந்தன. இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, வேலை முடிந்து களைத்து வந்த மாலையிலும் புதிய காய்களோடு சூடாகச் செய்து உண்ணக்கூடியது எதுவென்று பார்த்தபோது தட்டை ரொட்டிப் பீட்சாவே அமைந்தது. பின்னர் வந்து சேர்ந்தவர்கள் என்ன சமைக்கலாம் என்று கேட்கும்போதெல்லாம் நான் முதலில் சொல்வதும் இதைத்தான். இதைச் சரிவரச் செய்யப் பழகினால் வீட்டின் சூடு எங்கிருந்து வருகிறது, கடைப் பொட்டலங்களை எப்படி வாசிப்பது என்பவையும் கூடவே பிடிபட்டுவிடுகின்றன.

முதலில் போறணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் குமிழைச் சுற்றிப் பெரும்பாலும் எழுத்துகள் இருப்பதில்லை. சிறு சதுரங்களுக்குள் வரைந்த குறிகள்தான் இருக்கும். மேலும் கீழும் ஒவ்வொரு நேர்கோடு இருந்தால் இரு பக்கமிருந்தும் சூடு வரும். விசிறிக் குறி சூடான காற்றைச் சுழலவிடுவதற்கானது. என்னோடு இருந்த இளைஞர், "அக்கா, மேல நெளிஞ்சு நெளிஞ்சு போற கோடு என்னத்துக்கு?" என்று கேட்டார். அந்த நெளிகோடுதான் கிரில், அதாவது மேற்கூரையிலுள்ள கம்பி சிவந்து நேராகக் கீழ்நோக்கிக் காய்வது. போறணையைக் கேக்குக்கு மட்டும் உரியதென்று ஒதுக்கிவைப்பவர்கள் இந்தக் குறியைத் தொடுவதே இல்லை. ஆனால் வீட்டுப் பீட்சாவின் வெற்றி பாதிக்குமேல் இதில்தான் தங்கியிருக்கிறது.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரப் பீட்சாவை விறகுப் போறணையில் ஏறத்தாழ 430 முதல் 480 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 60 முதல் 90 விநாடிகளுக்குள் வேகவைத்து எடுக்கிறார்கள். அந்தக் கைத்திறனை 2017 ஆம் ஆண்டு யுனெஸ்கோ மானுடத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. வீட்டு மின்போறணைகளோ பெரும்பாலும் 250 பாகையோடு நின்றுவிடுகின்றன. அந்தச் சூட்டில் பீட்சா பத்து நிமிடங்கள்வரை உள்ளே கிடக்க வேண்டும். மேற்புறம் சிவப்பதற்குள் மாவிலுள்ள ஈரம் வற்றி ரொட்டி வறண்டுவிடும். எனவே சூட்டை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பதே வழி. அடிப்புறத்தை நன்கு காய்ந்த தாச்சியும், மேற்புறத்தைக் கிரிலும் பார்த்துக்கொண்டால் சில நிமிடங்களில் வேலை முடிந்து, உள்ளே மென்மையும் வெளியே மொறுமொறுப்பும் தங்கிவிடும். கல், உருக்குப் பலகை என்று விலைகூடிய தட்டுகளை வாங்கித்தான் ஆகவேண்டுமென்று நான் நினைக்கவில்லை. குடியேறிய புதிதில் கையிலிருக்கும் பணத்துக்கு வேறு வேலைகள் எத்தனையோ உண்டு.

மாவு குழைப்பது எளிது. 250 கிராம் கோதுமை மா, 200 கிராம் கெட்டித் தயிர், இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெய் ஆகியவை போதும். ஈஸ்ட் தேவையில்லை, தயிரின் புளிப்பும் பேக்கிங் பவுடரும் சேர்ந்து வெளிவிடும் வாயு, சூடு பட்டதும் ரொட்டியைப் பொங்கச் செய்கிறது.

புதிய நாட்டில் பொட்டலத்தின் மொழி புரியாமல் போனாலும் அதிலுள்ள எண்கள் எவருக்கும் புரியும். பின்புற ஊட்டச்சத்து அட்டவணையில் 100 கிராம் மாவுக்குப் புரதம் எவ்வளவு என்று பார்த்தால் போதும்: 11, 12 கிராம் இருந்தால் ரொட்டிக்கு நல்ல இழுவை கிடைக்கும், 9 கிராம் அளவில் இருந்தால் அது பெரும்பாலும் கேக்குக்கான மா. தயிருக்கும் இந்த வழி உதவும். எதுவும் சேர்க்காத தயிரில் இயல்பாகவே 100 கிராமுக்கு 4, 5 கிராம் சர்க்கரை இருக்கும். அந்த எண் பத்தைத் தாண்டினால் இனிப்புச் சேர்த்தது என்று அறிந்து திரும்ப வைத்துவிடலாம். பேக்கிங் பவுடர் போன்ற பொங்கவைக்கும் பொருள் ஏற்கெனவே கலந்து விற்கப்படும் மாவும் உண்டு. உட்பொருள்களின் பட்டியலில் மாவைத் தவிர வேறு பெயர்கள் நீளமாக வந்தால் அதுவாக இருக்கலாம். அதற்கு மேலதிகமாகப் பேக்கிங் பவுடர் வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு, மூன்று நிமிடங்கள் குழைத்து, மூடி இருபது நிமிடங்கள் விட்டுவிட வேண்டும். இந்த ஓய்வை எவரும் குறைத்துவிடக் கூடாது. ஓய்வெடுக்காத மாவு விரிக்க விரிக்கச் சுருங்கிக்கொண்டே வரும். ஓய்ந்த மாவோ கைக்கு இணங்கிப் போகும். நான்காகப் பிரித்து, உருட்டுகட்டை இல்லாவிட்டால் கழுவித் துடைத்த கண்ணாடிப் போத்தலால் மூன்று, நான்கு மில்லிமீற்றர் கனத்துக்கு விரிக்கலாம். வட்டமாக வரவேண்டும் என்பதில்லை. தாச்சிக்குள் அடங்கினால் சரி.

ஈஸ்டின் மணத்தை விரும்புபவர்கள் 250 கிராம் மா, 160 கிராம் தண்ணீர், 5 கிராம் உப்பு, கால் தேக்கரண்டி உலர் ஈஸ்ட் என்ற கணக்கில் முதல்நாளே குழைத்து வைக்கலாம். குளிர்நாட்டு வீட்டில் மாவு பொங்க எடுக்கும் நேரத்தைக் கடிகாரத்தால் அளக்க முடியாது. குளிர்காலத்தில் அறையே 17, 18 பாகையில் இருக்கும்போது ஒரு மணிநேரம் என்ற குறிப்பு பொருந்தாது. மாவு இருமடங்காகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அவசரமென்றால் போறணையின் விளக்கை மட்டும் எரியவிட்டு, சூட்டைப் போடாமல் மாவுக் கிண்ணத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் அந்தச் சிறு வெதுவெதுப்பு ஈஸ்டுக்குப் போதுமானது.

இனித் தாச்சி. எண்ணெய் விடாமல் நன்றாகக் காயவிட்டு, விரித்த மாவைப் போட்டதும் அரை நிமிடத்தில் அதன் மேல் சிறு குமிழிகள் எழும்பும். ஒன்றிரண்டு பெரிதாகி மேற்தோல் மெல்லியதாகும்போது ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால், அடியில் அங்கங்கே பழுப்புப் புள்ளிகள் விழுந்திருக்கும். அப்போது திருப்ப வேண்டும். வெந்த பக்கம் இப்போது மேலே இருக்கிறது. சேர்க்க வேண்டியவற்றை அதன்மேல்தான் சேர்க்க வேண்டும். வெந்து இறுகிய பரப்பு தக்காளியின் ஈரத்தை எளிதில் உள்ளே விடாது. சேர்க்கும் வேலை முடிவதற்குள் கீழ்ப்பக்கம் வெந்துகொண்டிருக்கும். பின்னர் தாச்சியை அப்படியே முன்கூட்டியே சூடாக்கிய கிரிலுக்குக் கீழே, கம்பியிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து மூன்று, நான்கு நிமிடங்கள் கண்ணெடுக்காமல் பார்த்து நிற்க வேண்டும். தாச்சியின் கைபிடி மரமோ நெகிழியோ என்றால் ரொட்டியை மட்டும் சூடான தட்டுக்கு மாற்றிவிடுவது பாதுகாப்பானது. கடையில் விற்கும் பீட்டா, டார்ட்டில்லா போன்ற தட்டை ரொட்டிகளைப் பயன்படுத்துபவர்களும் ஒரு பக்கத்தை இப்படி வாட்டிக்கொண்டால் நடுப்பகுதி நைந்து போகாது.

நான் மிகுந்த அக்கறையோடு வலியுறுத்த விரும்புவது ஈரத்தைத்தான். புதிய காய்களை வைத்துப் பீட்சா செய்கிறோம் என்றால், உண்மையில் தண்ணீரை வைத்துத்தான் செய்கிறோம். தக்காளியில் ஏறத்தாழ 94, 95 சதவீதமும், காளானில் 90 சதவீதத்துக்கு மேலும் தண்ணீரே. இவற்றை அரிந்த கையோடு குவித்துவிட்டால் அந்தத் தண்ணீர் ரொட்டியின் மேல்தான் இறங்கும். தக்காளியை மெல்லிய வில்லைகளாக அரிந்து, உப்புத் தூவிக் கால் மணிநேரம் விட்டு, வெளிவந்த நீரைக் காகிதத் துவாயால் ஒற்றி எடுக்க வேண்டும். அவ்வாறு செய்த தக்காளி நீர்த்தன்மை குறைந்து இனிப்பு ஏறிச் சுவைக்கிறது. குளிர்காலத்தில் கிடைக்கும் வெளிறிய தக்காளியைவிடத் தகரத்தில் அடைத்த முழுத் தக்காளி பலமடங்கு மேல். அதைக் கையால் பிசைந்து, உப்பும் சிறிது நசுக்கிய உள்ளியும் சேர்த்தால் போதும். முன்கூட்டிச் சமைக்கத் தேவையில்லை. சிறிய செர்ரித் தக்காளி மட்டும் எல்லாக் காலத்திலும் ஓரளவு நன்றாகக் கிடைக்கிறது. அதைப் பாதியாக வெட்டி, வெட்டுமுகம் மேலிருக்குமாறு வைத்தால் கிரிலில் அதன் ஓரங்கள் கருகிச் சாறு கெட்டியாகிவிடும்.

காளானை எண்ணெயில்லாமல் தாச்சியில் வதக்கினால் முதலில் நீர்விட்டு, பின் அந்த நீரும் வற்றி, இறுதியில் அதன் மணம் எழும். சுக்கினிக் காயை இழைபோல் சீவி உப்பிட்டுப் பிழியலாம். குடைமிளகாயைக் கிரிலில் முழுதாகச் சுட்டுத் தோலுரித்துக் கிழித்துக்கொண்டால் அதைவிட ருசியானது வேறில்லை என்பேன்.

நீரில் மிதக்கவிட்டு விற்கும் புதிய மொட்சரெல்லாச் சீஸுக்கும் இதே கவனம் வேண்டும். கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்து, வடிதட்டில் அரைமணிநேரம் வைத்தால் கீழே பால்நிற நீர் தேங்குவது கண்ணுக்கே தெரியும். அவ்வளவு நீரும் ரொட்டிக்குப் போகாமல் தப்பியது. அளவும் முக்கியமானது. ஒரு ரொட்டிக்கு இரண்டு கரண்டித் தக்காளி, ஒரு கைப்பிடிச் சீஸ், ஒன்றோ இரண்டோ காய்வகை, அவ்வளவே. அள்ளிப் போடுவதில் தாராளம் காட்டினால் எந்தக் காயின் சுவையும் தனித்துத் தெரியாது. மேற்புறம் வேகவும் செய்யாது.

சில பொருள்களை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே சேர்க்க வேண்டும். துளசி இனத்தைச் சேர்ந்த பேசில் இலையின் மணம் சூட்டில் விரைவாக ஆவியாகிவிடும். கிரிலுக்குக் கீழே இலையும் கருகிவிடும். ருக்கோலாக் கீரை, எலுமிச்சைச் சாறு சில துளி, நல்ல ஒலிவ் எண்ணெய் ஆகியவையும் கடைசியில்தான். கடைகளில் சிறு சாடியோடு விற்கும் பேசில் வாங்கிய சில நாட்களில் வாடிப்போவதாகப் பலர் வருந்துகிறார்கள். அந்தச் சிறு சாடிக்குள் இருப்பது ஒரு செடியன்று. பல கன்றுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. வேர்களை மெதுவாகப் பிரித்து மூன்று, நான்கு சாடிகளில் நட்டு, வெளிச்சம் விழும் யன்னலோரத்தில் வைத்து, நுனிகளைக் கணுவுக்கு மேலாகக் கிள்ளி வந்தால் பல வாரங்களுக்கு இலை கிடைக்கும்.

எச்சரிக்கை மணிக்கு அஞ்சித் தாச்சியைக் காயவிடாமல் இருக்க வேண்டாம். புகைவது பெரும்பாலும் தாச்சியில் உதிர்ந்த உலர் மாவுதான். ஒவ்வொரு ரொட்டிக்கும் இடையில் மடித்த துணியால் ஒருமுறை துடைத்து, யன்னலைத் திறந்து, உறிஞ்சு விசிறியைப் போட்டுக்கொண்டால் சமையலறை அமைதியாக இருக்கும். வாடகை வீட்டுப் போறணையின் அடித்தளத்தில் முன்பு குடியிருந்தவர்கள் சிந்திய எண்ணெய் காய்ந்திருந்தால் அதுவும் 250 பாகையில் புகையும்; குடிவந்த வாரத்திலேயே அதைச் சுரண்டிக் கழுவிவிடுவது நல்லது.

பகிர்ந்து வாழும் வீட்டுக்கு இந்த உணவு பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனி ரொட்டி என்பதால் ஒருவர் சீஸ் இல்லாமலும், ஒருவர் இறைச்சி இல்லாமலும், ஒருவர் காரம் கூட்டியும் உண்ணலாம். யாரும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. மூவரும் வெவ்வேறு வேலை நேரங்களில் வீடு திரும்பும் எங்களைப் போன்றவர்களுக்கு, முதலில் வருபவர் மாவைக் குழைத்து வைத்துவிட்டால் பின்னர் வருபவர் விரித்துக்கொள்ளலாம்.

ஓய்வு நாளில் இருமடங்கு மாவு குழைத்து, ரொட்டிகளை இரு பக்கமும் லேசாக மட்டும் வாட்டி, முற்றாக ஆறவிட்டு, இடையிடையே வெதுப்புத் தாள் வைத்துப் பையில் கட்டி உறைபெட்டியில் வைக்கலாம். ஒரு மாதம்வரை தாராளமாக இருக்கும். வேண்டும்போது உருகக் காத்திராமல் நேராகக் காய்ந்த தாச்சியில் போட்டு, மேலே சேர்க்க வேண்டியவற்றைச் சேர்த்துக் கிரிலுக்கு அனுப்பலாம். எஞ்சிய பீட்சாவை நுண்ணலை அடுப்பில் வைத்தால் ரொட்டி தோல்போல் இழுபடும். தாச்சியில் மிதமான சூட்டில் வைத்து, இரண்டு நிமிடம் கழித்து ஓரத்தில் சில துளி நீர் தெளித்து மூடினால் அடி மறுபடி மொறுமொறுக்கும். எழும் நீராவியில் சீஸ் இளகும்.