மயிலையின் இரண்டு காம்பு

மயிலை கன்று போட்டு இன்றோடு 22 நாள். கிடேரிக் கன்று. புது ஓட்டின் நிறத்தில் செக்கச்செவேலென்று இருக்கிறது. காங்கேயம் மாட்டைப் பழகாதவர்கள், சாம்பல் வெள்ளைத் தாய்க்கு இந்த நிறத்தில் கன்றா என்று கேட்பார்கள். காங்கேயம் கன்றுகள் இப்படிச் சிவப்பாகத்தான் பிறக்கும். ஆறு மாத வாக்கில் நிறம் மாறி அம்மாவைப் போல ஆகிவிடும். எங்கள் பையன் அதற்குள் நிறையப் படம் எடுத்து வைத்துக்கொள்கிறான்.

கன்று வந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குக் கூடுதலாக ஒரு சந்தோஷம், அடுப்படியில் மறுபடி மத்துச் சத்தம் கேட்கிறது. ஐந்து மாதமாக அது சுவரோரம் சாத்தியே கிடந்தது.

எங்கள் தோட்டம் காங்கேயத்துக்கும் வெள்ளக்கோவிலுக்கும் நடுவில், ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி. நாலரை ஏக்கர். அதில் 3 ஏக்கர் கொறங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மழை குறைந்த பூமி இது, உழுது விதைப்பதைவிட மாட்டை மேய விடுவதுதான் கட்டுப்படியாகும். கட்டுத்தறியில் இரண்டு ஜெர்சி கலப்பு மாடுகள், மயிலை, இப்போது இந்தக் கன்று. கலப்பு மாடுகள் இரண்டும் சேர்ந்து காலையில் 11 லிட்டர், சாயங்காலம் 7 லிட்டர் கொடுக்கும். மயிலை நன்றாகக் கறக்கிற காலத்திலேயே நாளைக்கு 3 லிட்டரைத் தாண்டாது. அதுவும் கன்று முட்டிக் குடித்துப் பால் இறங்கினால்தான் உண்டு. கன்று பக்கத்தில் இல்லையென்றால் காலைத் தூக்கிக்கொண்டு ஒரு சொட்டு விடாது.

நான் திருப்பூரில் வளர்ந்தவள். அப்பா பனியன் கம்பெனியில் கணக்கு எழுதினார், அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. கல்யாணமாகி இங்கே வந்த மூன்றாம் வருஷம், ஒரு நோட்டில் மாட்டு வாரியாக வரவு செலவு எழுதி அத்தையிடம் காட்டினேன். மயிலை நிற்கிற இடத்தில் இன்னொரு கலப்பு மாட்டைக் கட்டினால் மாதம் எவ்வளவு கூட வரும் என்று கடைசி வரியில் கூட்டிப் போட்டிருந்தேன். அத்தை நோட்டை வாங்கவே இல்லை. பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டே சொன்னார்:

“அம்மிணி, அந்த ரெண்டும் சொசைட்டிக்கு. இது நம்ம வூட்டுக்கு. வூட்டுக்குன்னு ஒரு மாடு இல்லீனா, கறக்கற பாலை நாமளே குடிக்க மாட்டோம்.”

அப்போது எனக்கு அது புரியவில்லை. பால் எல்லாம் பால்தானே, கேனுக்குப் போகும் முன் ஒரு சொம்பு எடுத்துக்கொண்டால் போதாதா என்றுதான் நினைத்தேன்.

இந்தக் கோடையில் நன்றாகப் புரிந்தது. மயிலை வற்றிப்போனதும் கலப்பு மாட்டுப் பாலில் வீட்டுக்கு ஒன்றரை லிட்டர் எடுத்தோம். சொசைட்டியில் பாலை அளந்து, மாதிரி எடுத்து மெஷினில் விட்டால், கொழுப்பும், கொழுப்பு போக மிச்சமுள்ள திடச்சத்தான எஸ்.என்.எஃப்.-பும் ஸ்லிப்பில் வரும். அதை வைத்துத்தான் விலை. லிட்டருக்கு 35 ரூபாயாக இருந்த பசும்பாலுக்கு 2023 டிசம்பரிலிருந்து 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. அந்த 38 ரூபாய் மனதில் ஏறி உட்கார்ந்துவிட்டால், சொம்பில் எடுக்கிற கை தானாகச் சுருங்குகிறது. ஒன்றரை லிட்டர் ஒன்றாகியது. புண்ணாக்கு விலை ஏறிய மாதம் முக்கால் ஆனது. காபியில் தண்ணீர் கூடியது. பையன் தயிர் கேட்டால், மோராகக் கரைத்து ஊற்றினேன். யாரும் என்னிடம் குறைக்கச் சொல்லவில்லை. நானேதான் செய்தேன்.

அப்புறம் ஒரு கலப்பு மாட்டுக்கு மடிநோய் வந்தது. ஒரு காம்பு வீங்கிச் சூடாக இருந்தது. கறுப்புத் துணியில் பீய்ச்சிப் பார்த்தால் திரிதிரியாக விழுந்தது. கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டார். கூடவே கற்றாழை வைத்தியமும் செய்தோம். கால்நடைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டாக்டர் புண்ணியமூர்த்தி பரப்பிய முறை அது, இந்தப் பக்கம் மாடு வைத்திருக்கிற பலருக்கும் மனப்பாடம்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், சேர்த்து அரைத்தால் சிவப்பு விழுதாகும். மடியைக் கழுவி, விழுதைத் தண்ணீர்விட்டுக் கரைத்து, நாளைக்கு எட்டுப் பத்து தடவை மடி முழுக்கத் தடவ வேண்டும். நான் அடுப்பு வேலைக்கு நடுவே ஓடி ஓடித் தடவினேன். ஐந்தாம் நாள் வீக்கம் வடிந்தது.

ஆனால் ஊசி மருந்து பாலில் இறங்கும். ஒரு காம்பில்தான் நோய் என்றாலும் அந்த மாட்டின் பால் முழுவதையும் டாக்டர் சொன்ன நாள்வரைக்கும் யாருக்கும் கொடுக்கக்கூடாது, கன்றுக்கும் கூடாது. எங்கள் வீட்டுக்காரர் கறந்து கறந்து குழியில் ஊற்றினார். கேனில் பால் பாதியானதால் வீட்டுக்கு எடுக்க எனக்கு மனம் வரவில்லை. பையனைக் கடைக்கு அனுப்பி நீலப் பாக்கெட் பால் வாங்கினேன். கட்டுத்தறியில் மூன்று மாடு நிற்கிற வீட்டில், கத்தரிக்கோலால் பாக்கெட்டை வெட்டிப் பாலை ஊற்றினேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை, அந்தக் காபியைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவி வைத்தார். பாக்கெட் பாலைக் குறை சொல்லவில்லை, அதுவும் எங்களைப் போல ஒரு வீட்டிலிருந்து போன பால்தான். ஆனாலும் அன்றைக்கு அந்த நோட்டின் கடைசி வரி நினைவுக்கு வந்து எனக்கு வெட்கமாகிவிட்டது.

ஐப்பசி மழை பெய்து கொறங்காட்டில் புல் பச்சை பிடித்த பிறகுதான் மயிலை கன்று போட்டது. விடிகாலை மூன்றரை மணி. அத்தைக்கு 74 வயது, முட்டி வலி, இருந்தும் சாக்கு விரித்து விளக்கோடு கட்டுத்தறியிலேயே உட்கார்ந்திருந்தார். கன்று விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் இருந்த சளியை வழித்துவிட்டு, வைக்கோலால் துடைத்து, தாய் நக்கட்டும் என்று முன்னால் நகர்த்தினார். ஒரு மணி நேரத்துக்குள் கன்று சீம்பால் குடித்தாக வேண்டும், அதன் எதிர்ப்பு சக்தியெல்லாம் அதில்தான் வருகிறது. நஞ்சுக்கொடி விழுகிறவரை யாராவது காவல் இருக்க வேண்டும், விட்டால் மாடு தின்றுவிடும். விழுந்ததை வைக்கோலில் சுற்றி, எங்கள் வீட்டுக்காரர் வாய்க்கால் மேட்டு ஆலமரத்தில் கட்டிவிட்டு வந்தார். பால் மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் பெருகும் என்பது நம்பிக்கை.

மயிலைக்குக் கம்பங்கூழ் காய்ச்சினேன். கருப்பட்டியும் சுக்கும் தட்டிப் போட்டு, வெதுவெதுப்பாக ஒரு குண்டா. மாட்டுக்கு இடித்த கம்பில் நல்ல பாகத்தை எடுத்து எங்களுக்கும் கம்மஞ்சோறு ஆக்கினேன். கம்பைத் தண்ணீர் தெளித்துப் பிசறி, இடித்து, உமியைப் புடைத்துத் தள்ளி, ரவையாக உடைத்துக் கிண்ட வேண்டும். இடுப்பு ஒடியும் வேலை. உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு மறுநாள் மோரில் கரைத்துச் சின்ன வெங்காயம் கடித்துக் குடித்தால் வெயிலே தெரியாது என்பார்கள். மழைக் காலத்திலும் எனக்கு அது பிடிக்கும்.

கன்று வயிறு நிறையக் குடித்த பிறகு மிஞ்சிய சீம்பாலைக் கறந்தோம். முதல் கறவை மஞ்சளாக, விரலில் ஒட்டும் பதத்தில் இருந்தது. அதை அப்படியே வேக வைத்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஒரு பங்கு சீம்பாலுக்கு ஒரு பங்கு கலப்பு மாட்டுப் பால் சேர்த்தேன். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, ஆறிய பிறகு ஊற்ற வேண்டும், சூடாக ஊற்றினால் திரிந்துபோகும். ஏலக்காய் நாலு. தூக்குப்போசியில் ஊற்றி மூடி, இட்லிச் சட்டியில் 20 நிமிஷம் ஆவியில் வைத்தால் தானாக உறைந்துவிடும். கத்தியைச் செருகினால் சுத்தமாக வர வேண்டும். இரண்டாம் நாள் பாலுக்குக் கலப்பது குறையும். மூன்றாம் நாள் எதுவும் கலக்க வேண்டியதில்லை, கெட்டித் தயிர் மாதிரிதான் உறையும். எனக்கு அதுதான் ருசி.

சீம்பாலை நாங்களே தின்று தீர்ப்பது வழக்கம் இல்லை. பக்கத்துத் தோட்டத்து அக்கா, மேட்டுக்காட்டுப் பெரியம்மா, மாடு மேய்க்க வருகிற அண்ணன் வீடு, எல்லோருக்கும் போனது. பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்பித் தரவில்லை. ஒன்றில் அவரை, ஒன்றில் நாலு சுண்டைக்காய், ஒன்றில் வெறும் அரிசி ஒரு கைப்பிடி.

ஒரு வாரம் கழித்துப் பால் வெள்ளைக்கு வந்ததும் அத்தையின் கணக்கு தொடங்கியது. இரண்டு காம்பு கன்றுக்கு, இரண்டு காம்பு வீட்டுக்கு. வீட்டுக்கு நாளைக்கு ஒன்றரை லிட்டர் அளவில் வருகிறது. அதில் ஒரு பொட்டுக்கூடக் கேனுக்குப் போகாது. கேனில் ஊற்றினால் என்ன, ஊற்றாவிட்டால் என்ன, ஸ்லிப்பில் பெரிதாக மாறப்போவதில்லை. அடுப்படியிலோ அந்த ஒன்றரை லிட்டரில்தான் எல்லாம் இருக்கிறது. காபிக்கு எடுத்தது போக மிச்சத்தைச் சுண்டக் காய்ச்சி உறை ஊற்றுகிறேன். கார்த்திகைக் குளிரில் உறை மெதுவாகத்தான் பிடிக்கிறது, அதனால் பானையை அணைத்த அடுப்பின் ஓரத்தில் துணி சுற்றி வைக்கிறேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கடைகிறேன். மிக்ஸியில் இரண்டு நிமிஷத்தில் வெண்ணெய் திரண்டுவிடும்தான், ஆனால் அது சூடேறி இளகிப்போகிறது. மத்தில் கடைந்து, திரளும்போது குளிர்ந்த தண்ணீர் ஒரு சொம்பு விட்டால் உருண்டு மேலே வரும். சேர்த்து வைத்த வெண்ணெயை முந்தாநாள் உருக்கினேன். பசும்பாலில் ஒரு கிலோ நெய் வேண்டுமென்றால் 25, 30 லிட்டர் பால் வேண்டும். இரண்டு வாரத்தில் தயிராகவும் மோராகவும் தின்றது போக எனக்குக் கிடைத்தது கால் கிலோவுக்குச் சற்றே அதிகம்.

நெய்யைக் கண்ணைவிடக் காதால் பதம் பார்ப்பது நல்லது. தண்ணீர் இருக்கிறவரை படபடவென்று பேசிக்கொண்டே இருக்கும். சத்தம் அடங்கி நுரை கட்டும் நேரத்தில் முருங்கை இலை ஒரு கொத்து உருவிப் போட்டு உடனே இறக்கிவிட வேண்டும். இலை மொறுமொறுவென்று ஆகிவிடும். அடியில் தங்கும் கசடோடு அந்த இலையையும் சேர்த்துச் சுடுசோற்றில் கல் உப்புப் போட்டுப் பிசைந்தால், அன்றைக்கு வேறு குழம்பு வேண்டாம்.

அன்று மழையும் பிடித்துக்கொண்டது, அரிசிம்பருப்பு ஆக்கினேன். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, வரமிளகாய், ஒரு தக்காளி. கொஞ்சம் குழைய இறக்கி, நடுவில் குழி பண்ணி இந்த நெய்யை விட்டு, பக்கத்தில் கெட்டித் தயிர். பையன் மூன்றாம் முறை தட்டை நீட்டினான். ஐந்து மாதம் மோராகக் கரைத்து ஊற்றியவள் நான், அவன் தட்டில் கரண்டி கரண்டியாகத் தயிர் போட்டபோது கை நடுங்கியது.

இன்னொன்று, மழைக்குப் பிறகு மாடு வைத்திருப்பவர்களுக்காக. இளம் புல்லை மட்டும் தின்றால் பால் நிறைய வரும், கொழுப்பு இறங்கிவிடும். காய்ந்த சோளத்தட்டைக் கட்டாயம் கலந்து போடுங்கள். எங்கள் கலப்பு மாட்டு ஸ்லிப்பில் போன வாரம் இறங்கியது, தட்டு போட்ட பிறகு ஏறிவிட்டது.

இன்று சாயங்காலம் கறவையின்போது கன்று தன் இரண்டு காம்பையும் குடித்து முடித்துவிட்டு, எங்கள் வீட்டுக்காரரின் முழங்கையை முட்டிக்கொண்டே நின்றது. அவர் மூன்றாவது காம்பையும் அதற்கே விட்டுவிட்டு எழுந்து வந்தார். சொம்பில் கால் லிட்டர்கூட இல்லை. அத்தை எட்டிப் பார்த்தார், நானும் பார்த்தேன். காலையில் மிஞ்சியிருந்ததோடு சேர்த்துக் காய்ச்சி, உறை ஊற்றி, பானையை அடுப்போரம் வைத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.